வெண்காரம் பூத்த ஏரி

கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே. மலைகளுக்கு யாரும் பெயர் வைக்காத காலம் அது. கிழக்கே ஒரு பேரரசர், மேற்கே ஒரு பேரரசர். நடுவில் பனிமலை. அதன் உச்சியில் ஓர் ஏரி.

அந்த ஏரியில் மட்டும்தான் வெண்காரம் விளைந்தது. பார்க்க வெறும் வெள்ளைப் பொடி. ஆனால் அது இல்லாமல் பொன்னோடு பொன் ஒட்டாது. மணிமுடியும் ஆகாது, தாலியும் ஆகாது.

"எல்லாம் நமக்கே வரவேண்டும். மேற்கு நம் காலில் விழும்" என்றார் கிழக்குப் பேரரசர். அவருடைய தூதர் சேந்தனார் மலையேறினார்.

முதல்முறை முத்தோடு போனார். ஏரியை ஆண்ட மருதி மறுத்தாள். இரண்டாம்முறை, மலைக்குப் போகும் அரிசி வண்டிகளை நிறுத்திவிட்டுப் போனார். அப்போதும் மறுத்தாள். மூன்றாம்முறை, அடிவாரத்தில் படையை நிறுத்திவிட்டுப் போனார். வழியில் குழந்தைகள் காட்டுக்கிழங்கைக் கடித்துக்கொண்டு நின்றன. அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

உச்சியில் மேற்குத் தூதரும் நின்றிருந்தார். மறுபுறம் அவர் படை.

மருதி இருவரையும் ஏரிக்கு அழைத்துப் போனாள். கண்ணெட்டும் தூரம் வெண்மை. பூமிக்கடியில் கொதிக்கும் ஊற்றுகள் முழங்கின. நேற்றுச் சுரண்டிய இடத்தில் இன்று புதிதாய் வெண்காரம் பூத்திருந்தது. எந்த அரசரும் பிறக்கும் முன்பே இது பூத்துக்கொண்டிருந்தது என்று நினைத்ததும் சேந்தனார் குனிந்தார். செருப்பைக் கழற்றிவிட்டார்.

"யாருக்குத் தரப்போகிறீர்கள், அரசி?" என்றார் மெதுவாக.

"இருவருக்கும் சரிபாதி. ஆனால் மேற்கின் பங்கு உங்கள் வண்டியில் இறங்கும். உங்கள் பங்கு அவர்கள் வண்டியில். அடிவாரத்து ஆற்றங்கரையில் மாற்றிக்கொள்ளுங்கள். ஏறிவரும் வண்டி அரிசியோடு வரட்டும்."

மேற்குத் தூதர் சிரித்தார். "அவர்கள் பங்கை நாங்கள் தராவிட்டால்?"

"உங்கள் பங்கு அவர்களிடம் இருக்குமே, ஐயா."

சிரிப்பு நின்றது. "படை ஏறிவந்தால்?"

"குதிரைக் குளம்பு மிதித்தால் ஊற்றுக்கண் தூர்ந்துபோகும். பிறகு ஒருவருக்கும் இல்லை."

எத்தனையோ அரசர்களைக் கடமைக்காக வணங்கியவர் சேந்தனார். அன்று மனதார வணங்கினார்.

ஆற்றங்கரையில் இரு பக்க வண்டிகளும் வந்து நின்றன. வீரர்களின் கைகள் வாள்பிடியில் இருந்தன. யார் முதலில் கொடுப்பது? ஒருவரும் அசையவில்லை.

சேந்தனார் வண்டியிலிருந்து ஒரு மூட்டையைத் தாமே தூக்கினார். நடந்துபோய் மேற்குத் தூதரின் காலடியில் வைத்தார்.

மேற்குத் தூதர் அந்த மூட்டையைத் தூக்கித் தம் ஆட்களிடம் கொடுத்தார். பிறகு திரும்பித் தம் வண்டியின் கயிற்றை அவிழ்த்தார்.

படைகள் ஊர் திரும்பின. அரிசி வண்டிகள் மலையேறின.

பிறர் கழுத்தை நெரிக்கவென்று ஒரு பொருளைத் தேடுகிறவனுக்கு அது ஒருநாளும் பயன்படாது. பகிர்ந்துகொள்ள முதலில் கொடுக்கிறவனாலேயே எல்லோரும் வாழ்கிறார்கள்.