ரெண்டு பக்கமும் ஏழு

"எனக்கு எதுக்குத் தாயே பெண்டாட்டி சம்மதம்?" என்று கேட்டார் மாசிலாமணி.

கல்லூரியில் மனோதத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். துறவு வாங்க வந்திருந்தார். அந்த மலையடிவார மடத்தில் ஒரே ஒரு கட்டாயம்தான். கட்டினவள் தன் வாயால் 'போகட்டும்' என்று சொன்னால்தான் காவி.

மடத்துத் தலைவி சாமியம்மா அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வேண்டாம்?"

மாசிலாமணி பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அடேயப்பா, அந்த முகத்தில்தான் என்ன பவிசு!

"நானே கட்டம் போட்டது. ஆணுக்கு உரியதுன்னு உலகம் சொல்ற குணம் இடது பக்கம் இருபது. பெண்ணுக்கு உரியதுன்னு சொல்ற குணம் வலது பக்கம் இருபது. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுல இருந்து ஏழு வரைக்கும் மார்க். ஒரு பக்கம் மட்டும் கூடினா அரை மனுஷன். ரெண்டும் கூடினா முழு மனுஷன். எனக்கு ரெண்டு பக்கமும் ஏழு! எனக்குள்ளயே பொண்ணும் இருக்கா. வெளியில ஒருத்திகிட்டப் போய் எதுக்குக் கேட்கணும்?"

"மார்க் போட்டது யாரு?"

"நான்தான். ஆறு மாசம் மாடி ரூமைச் சாத்திக்கிட்டு யோசிச்சு யோசிச்சுப் போட்டேன்."

"துணிச்சல்?"

"ஏழு."

"அடுத்தவங்க நோவு தெரியறது?"

"அதுவும் ஏழு."

"கிளம்புறேன்னு வீட்டுல சொன்னீங்களா?"

வாத்தியார் தாளை மடித்தார், பிரித்தார்.

"இல்ல... சொன்னா அழுவா. எனக்குப் பயமா இருந்துது. அதான் விடியக்காலம் பின்வாசல் வழியா..."

சாமியம்மா சிரிக்கவில்லை. நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

மனைவி தையல்நாயகி எடுத்தாள்.

"மாடியில இருந்துக்கிட்டு எதுக்குப் போன்? சாப்பாடு கதவுகிட்ட வெச்சேனே, பார்க்கலையா?"

மாசிலாமணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மணி ரெண்டு. வீட்டை விட்டு வந்து எட்டு மணி நேரம் ஆகியிருந்தது.

"நாயகி, நான் மடத்துல இருக்கேன். துறவு வாங்கப் போறேன்."

இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுகைச் சத்தத்துக்குக் காத்திருந்தார்.

"பக்கத்துல சாமி இருக்காங்களா?" குரலில் நடுக்கம்கூட இல்லை.

"இருக்கேன்மா."

"அவருக்குச் சர்க்கரை இருக்கு தாயே. வேளைக்குச் சாப்பிடாட்டி மயக்கம் வந்துரும். வாய் திறந்து கேட்க மாட்டாரு, நீங்கதான் பார்த்துப் போடணும். மத்தபடி... போகட்டும். மனசாரத்தான் சொல்றேன். ஆறு மாசமா இல்லாத ஆளை எதைச் சொல்லி நிறுத்துறது? அவரோட அம்மாவைக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். தண்ணி ஆறிடும். வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள்.

மாசிலாமணி இடி விழுந்த மாதிரி நின்றார். அவள் அழவே இல்லையே! ஒரு சொட்டுக்கூட!

சாமியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"சம்மதம் வந்தாச்சு. வாங்க, தலையை மழிச்சிடலாம்."

மாசிலாமணியின் கையிலிருந்து தாள் நழுவி அரிசியில் விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை.

"தாயே... ஊருக்குப் பஸ் எத்தனை மணிக்கு?"

"இருந்த ஒரு பஸ்ஸும் போயிடுச்சு. நடங்க."