புள்ளி விழுந்த ஓரா

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். மீனிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் எனக்குத் தெரிந்து கீழமுனைக் கஸ்பார் ஒருவர்தான். கவனமாகக் கேளுங்கள், கடைசியில் உங்களிடம்தான் தீர்ப்புக் கேட்கப்போகிறேன். "இதை நீ சொல்லவே இல்லையே" என்று அப்போது என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

கீழமுனையும் மேலமுனையும் அடுத்தடுத்த கடற்கரை ஊர்கள். இரண்டுக்கும் நடுவே கடலில் ஒரு பவளப்பாறைத் திட்டு. அங்கே ஓரா மீனில் இரண்டு இனம் உண்டு. கோடு போட்டது கோட்டு ஓரா, புள்ளி வைத்தது புள்ளி ஓரா. இரண்டுக்கும் முதுகில் விஷமுள். கஸ்பாருக்கு நாக்கில்.

அவர் மனைவி பிலோமி மேலமுனையில் பிறந்தவள். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு விருந்து. புது மாப்பிள்ளை இலையில் மீன் தலையை வைப்பதுதான் அந்தக் கரை வழக்கம். பரிமாறிய மைத்துனன் கைத்தவறுதலாக வாலை வைத்துவிட்டான். இருபத்துநாலு வருஷமாகியும் அந்த வால் கஸ்பாருக்குத் தொண்டையை விட்டு இறங்கவில்லை. "மேலமுனைக்காரனுக்கு மரியாதை தெரியாது" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லுவார். அதையும் பிலோமி வைத்த குழம்பைப் பிசைந்துகொண்டேதான் சொல்லுவார்.

போயும் போயும் அவருடைய ஒரே மகள் தெக்லாவுக்கு மனசு போனது மேலமுனைக் கிளாட்வினிடம். நல்ல பையன், கடலுக்குப் போவான், வீண் வம்புக்குப் போகமாட்டான். "கட்டினா அவரைத்தான் கட்டுவேன். ஆனா அப்பா சம்மதிக்காம கோயில் படி ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள் தெக்லா. சொன்னவள் நாளுக்கு நாள் வாடிப்போனாள்.

கிளாட்வின் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது கஸ்பார் மீன் ஏலம் போடும் மணலில் நின்றிருந்தார். அங்கேயே கத்தினார்: "கோட்டு ஓராவுக்கு என்னைக்குப் புள்ளி விழுதோ, அன்னைக்குக் கீழமுனைப் பொண்ணை மேலமுனைக்காரனுக்குத் தாரேன். போங்கலே!"

நின்ற இடத்தைப் பார்த்தீர்களா? ஏல மணலில் வாய்விட்டுச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. விலை கேட்டாலும் சரி, வீம்பு பேசினாலும் சரி, சொன்னது சொன்னதுதான். இரண்டு ஊரும் இதை மட்டும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்டிருந்தன.

ஆறு மாதம் போயிற்று. திட்டில் கிளாட்வின் இறக்கிய மீன்கூட்டில் ஓர் ஓரா உயிரோடு அகப்பட்டது. தலைப்பக்கம் கோடு, வால்பக்கம் புள்ளி! கடல்தண்ணீர் நிரப்பிய டிரம்மில் போட்டு ஏல மணலுக்கே கொண்டுவந்துவிட்டான். இரண்டு ஊரும் திரண்டன.

"பெயின்ட் அடிச்சிருக்கான் வே!" என்று கஸ்பார் கையை விட்டுத் தேய்த்துப் பார்த்தார். மீன் ஒரே குத்து. விஷக் கடுப்பு தணிய அன்று முழுக்கச் சுடுதண்ணீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திட்டு மீன்களை ஆராய்ச்சி செய்ய வந்திருந்த வளர்மதி, மீனின் துடுப்பில் துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினாள். பதினைந்தாம் நாள் மணலில் வந்து முடிவைச் சொன்னாள்: "இதோட தாய் புள்ளி ஓரா, தகப்பன் கோட்டு ஓரா. திட்டுல இப்ப புள்ளி ஓரா குறைஞ்சுபோச்சு. தன் இனத்துல துணை கிடைக்காட்டி, நெருங்கின இனத்தோட சேர்ந்துக்கும்."

"அப்ப இது கோட்டு ஓராவா, புள்ளி ஓராவா?"

"ரெண்டும்தான்."

ரெண்டும் என்றால் எந்தக் கூடையில் போடுவது? ஊருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

கிளாட்வின் சொன்னான்: "பிள்ளை தகப்பன் வழிதானே? அப்ப இது கோட்டு ஓரா. புள்ளியும் விழுந்துட்டு. பொண்ணைத் தாங்க மாமா."

"யாருலே உனக்கு மாமா?" கஸ்பார் மணல் நடுவே வந்து நின்றார். "தகப்பன் தண்ணியில தெளிச்சிட்டுப் போயிருவான். முட்டை யாருது? தாயிது! எந்த வயித்துல உண்டாச்சோ அந்த இனம்தான் பிள்ளை. மீனுக்கும் அதான், மனுஷனுக்கும் அதான்! இது புள்ளி ஓரா. புள்ளி ஓராவுக்குப் புள்ளி இருக்கிறது என்ன அதிசயம்?"

ஊருக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கிளாட்வின் தலையைத் தொங்கப்போட்டான். தெக்லாவின் கண் நிறைந்துவிட்டது. பிலோமி மட்டும் இடுப்பிலிருந்த மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

இப்போது சொல்லுங்கள்: கஸ்பாரின் வாதம் ஜெயித்துவிட்டது. பிறகு பிலோமி ஏன் சிரித்தாள்? தெக்லாவுக்குக் கல்யாணம் உண்டா, இல்லையா?

விடை: உண்டு. பிலோமி கேட்டாள்: "இந்தாரும், நீரு சொன்னது நூத்துக்கு நூறு நியாயம். தாய் இனம்தான் பிள்ளை. நான் மேலமுனை. அப்ப எம்மவளும் மேலமுனைப் பொண்ணு. நீரு தரமாட்டேன்னது கீழமுனைப் பொண்ணைத்தானே? இவளைக் கட்டிக்கொடுக்க உம்ம சபதம் ஏன் குறுக்க நிக்குது?" தகப்பன் வழி என்றால் மீன் ஜெயிக்கிறது, தாய் வழி என்றால் மகள் ஜெயிக்கிறாள். சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கலாம் என்றால் நிற்பதோ ஏல மணல். மணலே சிரித்தது. கஸ்பார் மகளைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் சிரித்தாள். அவள் சிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. "சரிலே, முழு மனசாத் தாரேன். ஆனா ஒண்ணு, கல்யாண விருந்துல மட்டும் எனக்கு வால் வந்துச்சு, பொண்ணைக் கையோட திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவேன்!"