பின்பக்கம் நின்றவன்

ஓசூரை அடுத்த தகடு ஆலை ஒன்றில், இரும்பை ஒரே அழுத்தில் வளைக்கும் பிரஸ் இயந்திரம் இருந்தது. இரண்டு ஆண்டுகளில் அது ஒன்பது விரல்களைத் தின்றிருந்தது. கை குறுக்கே வந்தால் தானாக நிற்கும்படி மென்பொருள் எழுத இருவர் வந்தார்கள்.

அமுதவல்லி பழைய முறைக்காரி. "தேவை எல்லாத்தையும் முதல்ல எழுதி வாங்கணும். முழுசா செஞ்சு, சோதிச்ச பிறகுதான் மெஷின்ல ஏத்தணும். பதினாலு மாசம் ஆகும்" என்றாள்.

ஜெயசீலன் புதிய முறைக்காரன். "அதுக்குள்ள இன்னும் எத்தனை விரல் போகும்? ரெண்டு வாரத்துக்கு ஒரு பகுதி தர்றேன். ஓட்டிப் பார்த்துக் குறை சொல்லுங்க, திருத்திக்கிட்டே போகலாம்."

மேலாளர் குமரகுருவுக்கு இதுவே பிடித்தது.

நான்காம் வாரம் இயந்திரத்தின் முன்பக்கத்துக்கான பகுதி ஏறியது. மறுநாளே ராசப்பன் என்ற தொழிலாளியின் கை வழுக்கி உள்ளே போக, மேலிருந்து இறங்கிய அழுத்தும் இரும்பு பாதியில் நின்றது. அவன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். அதுவரை தகட்டை இடுக்கியால் தள்ளியவன், இனி இயந்திரமே நிற்கும் என்று நம்பி, அன்றோடு இடுக்கியை விட்டு வெறுங்கையால் தள்ளினான்.

ஜெயசீலன் மேலாளருக்கு எழுதினான்: "பின்பக்கம் இன்னும் முடியவில்லை. அங்கே ஆள் நிற்கக் கூடாது." குமரகுரு படித்தார். ஆனால் சரக்கு அவசரம். ராசப்பனைப் பின்பக்கம் நிறுத்தினார்.

அங்கே அவன் கை உள்ளே போனபோது, இரும்பு நிற்காமல் இறங்கியது. மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை.

அதே ஆலையில் வெல்டராக இருந்த ராசப்பனின் தம்பி செங்கோடன், இரும்புக் குழாயோடு அலுவலகத்துக்குள் பாய்ந்தான். "எவன்டா செஞ்சது?" மேலாளரின் விரல் ஜெயசீலனைக் காட்டியது. முதல் அடியில் தோள் எலும்பு முறிந்தது. அடுத்த அடியில் தாடை. அமுதவல்லி குழாயைப் பிடித்துத் தொங்கினாள். "ஆள நிறுத்தாதீங்கன்னு எழுதிக் குடுத்தவருய்யா இவரு! படிச்சுப் பாரு!"

திரையில் இருந்த கடிதத்தைச் செங்கோடன் படித்தான். திரும்பினான். மேலாளரின் முழங்கால் உடைந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

முழுதாக முடிக்காமல் தராதே என்றவள், முடிந்தவரை தந்தவன், தெரிந்தே ஆளை நிறுத்தியவர். ராசப்பனின் கைக்கு இவர்களில் யார் பதில் சொல்ல வேண்டும்?

விடை: குமரகுருவின் குற்றம் வெளிப்படை. ஆனால் அவர் மட்டுமல்ல. அமுதவல்லியின் முறையில் போயிருந்தால், அந்தக் கை முன்பக்கத்திலேயே போயிருக்கும். ஜெயசீலன் சொன்னது சரி, சொன்ன இடம்தான் தவறு. இயந்திரத்தில் கை வைப்பவனிடம் காட்டிக் கேட்பதுதான் அவன் முறைக்கே உயிர். அவனோ மேலாளருக்கு மட்டும் எழுதினான். மருத்துவமனையில் ராசப்பன் அவனிடம் கேட்டான்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்?" தாடையைக் கம்பியால் கட்டியிருந்ததால், ஜெயசீலனால் வாய் திறக்க முடியவில்லை.