முகம் காட்டாதவர்கள்

மூங்கில் மண்டிய மலைச்சரிவில் ஒரு மரப்பெட்டியின் கதவு திறந்தது. உள்ளேயிருந்து யான்லி என்ற இளம் பாண்டா மூக்கை மட்டும் வெளியே நீட்டிப் பார்த்தது.

யான்லி பிறந்து வளர்ந்ததெல்லாம் மலையடிவாரத்தில் வேலி போட்ட ஒரு தோப்பில்தான். அங்கே அதன் தாய் இருந்தது. இரண்டு கால்களில் நடக்கும் சில பாண்டாக்களும் வந்து போகும். அவற்றுக்கும் கறுப்பும் வெள்ளையுமான தோல்தான். உடம்பெல்லாம் பாண்டாவின் மூத்திர வாடை. ஆனால் அவை வாய் திறந்ததே இல்லை. மூங்கில் தழையைக் கட்டுக் கட்டாகப் போட்டுவிட்டுப் போய்விடும். சில பாண்டாக்கள் இப்படித்தான் போலிருக்கிறது என்று யான்லி நினைத்துக்கொண்டது.

இன்று பெட்டியைத் தூக்கி வந்ததும் அவைதான். யான்லியின் கழுத்தில் ஒரு பட்டையும் கட்டியிருந்தன. யான்லி எங்கே போனாலும் அது இருக்கும் இடத்தை அந்தப் பட்டை அவற்றுக்குக் காட்டிக்கொடுக்கும். பெட்டியைத் திறந்ததும் இரண்டுகால் பாண்டாக்கள் மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டன.

அந்த மலையில் மிச்சமிருந்த பாண்டாக்கள் நான்கைந்துதான். அதெல்லாம் யான்லிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பசி.

எதிரே தரையிலிருந்து மூங்கில் குருத்துகள் கொழுகொழுவென்று முளைத்திருந்தன. யான்லி ஒன்றை முகர்ந்தது. உடனே புதரிலிருந்து ஒரு காட்டுப்பன்றி ஓடி வந்தது.

"தொடாதே! அது விஷம்" என்றது பன்றி.

"அப்படியா? எனக்குத் தெரியாதே."

"நீ புதிது, உனக்கு எப்படித் தெரியும்? உன்னைக் கொண்டுவந்தவர்கள் சாப்பாடும் கொண்டுவருவார்கள். கீழே ஓடைக்கரையில் போய் உட்கார். அங்கே இங்கே அலைந்தால் உன்னைக் காணாமல் திரும்பிப் போய்விடுவார்கள்."

அந்தச் சரிவின் குருத்துகளையெல்லாம் தான் ஒருவனே தின்ன வேண்டும் என்பது பன்றியின் எண்ணம். யான்லிக்கோ அந்தப் பேச்சு இனித்தது. அது கேட்க விரும்பியதைத்தான் பன்றி சொன்னது.

யான்லி ஓடைக்கரையில் உட்கார்ந்தது. ஒரு நாள் போயிற்று. இரண்டாம் நாளும் போயிற்று. ஒருவரும் வரவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்தும் பசி அடங்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் செந்நாய்கள் வந்தன. யான்லி பதறிப்போய் பக்கத்திலிருந்த தேவதாரு மரத்தில் ஏறிவிட்டது. மேலே ஒரு குரங்கு பேன் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏன் பயப்படுகிறாய்?" என்று கீழேயிருந்து கேட்டது நாய்களின் தலைவன். "உனக்குச் சாப்பாடு போடுகிறவர்கள்தான் எங்களை அனுப்பினார்கள். இறங்கி வா, அவர்களிடம் கூட்டிப்போகிறோம்."

யான்லி ஒரு காலைக் கீழே வைத்தது.

"போன மாதம் ஒரு பெண்மானிடம், அதன் குட்டி அனுப்பியதாக இதே நாய்கள்தான் சொன்னார்கள். அந்த மான் திரும்பி வரவில்லை" என்றது குரங்கு, பேனிலிருந்து கண்ணை எடுக்காமலே.

யான்லி காலை மேலே இழுத்துக்கொண்டது.

வெயில் ஏறிய நேரத்தில் பாதையில் காலடிச் சத்தம் கேட்டது. செந்நாய்கள் ஓடிவிட்டன. வந்தவை இரண்டு இரண்டுகால் பாண்டாக்கள்! யான்லிக்கு நெஞ்சு துள்ளியது. இறங்கப் போன அந்த நேரத்தில், அவற்றில் ஒன்று, கிளையிலிருந்த யான்லியைக் கவனிக்காமல், தன் தலையையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டது. உள்ளே வேர்வையில் நனைந்த ஒரு பெண்ணின் முகம் இருந்தது.

"மூன்று நாளாகப் பட்டை இந்த இடத்தைத்தான் காட்டுகிறது. பட்டினி கிடக்கிறது போலிருக்கிறது. திரும்பக் கூட்டிப்போய்விடலாமா?" என்றாள் அவள்.

"கூப்பிட்டால் வந்துவிடும்" என்றது மற்றொரு தோலுக்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல். "நாளைக்கு வேட்டைக்காரன் கூப்பிட்டாலும் வரும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக் காலை வரை பார்ப்போம். அதற்குமேல் என்னால் முடியாது" என்று சொல்லித் தலையை மாட்டிக்கொண்டாள். இருவரும் ஒரு பாறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள்.

"இவர்கள் பாண்டாக்களே இல்லையா?" என்று கேட்டது யான்லி.

"மனிதர்கள். இந்தத் தோலைப் போட்டுக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க மலையேறுவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எதற்கென்றுதான் புரியவில்லை" என்றது குரங்கு.

யான்லிக்கு முதலில் கோபம் வந்தது. இத்தனை நாளும் என்னை ஏமாற்றியிருக்கிறார்களே! பிறகு கிளையில் படுத்தபடி வெகுநேரம் யோசித்தது. பன்றி ஏமாற்றியது, அதற்குக் குருத்து வேண்டும். நாய்கள் ஏமாற்றப் பார்த்தன. அவற்றுக்கு இறைச்சி வேண்டும். இவர்களுக்கு என்ன கிடைத்தது? வேர்வைதான் கிடைத்தது. முகத்தைக் காட்டியிருந்தால் என் அன்பாவது கிடைத்திருக்கும். அதைக்கூட அவர்கள் வேண்டாம் என்று விட்டிருக்கிறார்கள்.

யான்லி மெல்ல இறங்கியது. பாறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. அதன் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது கேட்டது. யான்லி கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு திரும்பி மேட்டில் ஏறியது.

சரிவில் பன்றி வாய் நிறைய மென்றுகொண்டிருந்தது. யான்லியைக் கண்டதும், "விஷம் என்று சொன்னேனே!" என்றது.

"மூன்று நாளாக நீ தின்கிறாய். சாகக் காணோமே" என்று சொல்லிவிட்டு யான்லி ஒரு குருத்தைப் பிடுங்கியது. மேலெல்லாம் மண். யாரும் அதைக் கழுவித் தரவில்லை. மட்டையை உரிக்கவும் அதற்குச் சரியாக வரவில்லை. மண்ணோடு சேர்த்தே கடித்தது. பன்றி உறுமிப் பார்த்தது. யான்லியும் உறுமியது. அந்த உறுமல் யான்லிக்கே புதிதாக இருந்தது. பன்றி இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டது.

அன்று மாலை, பட்டை காட்டிய இடம் மேலே மேலே நகர்ந்துகொண்டேயிருந்தது. பாறைக்குப் பின்னாலிருந்த இருவரும் எழுந்து, யான்லியைக் கூப்பிடாமலே மலையிறங்கினார்கள்.

குளிர்காலம் வந்து பனி விழத் தொடங்கியபோது, மலையுச்சியில் யான்லி இன்னொரு பாண்டாவைப் பார்த்தது. அது நான்கு கால்களில் நடந்தது. யான்லிக்குத் தழை எதையும் கொண்டுவரவில்லை. கிட்டே வராதே என்று பல்லைக் காட்டிவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மூங்கிலைக் கடிக்கத் தொடங்கியது. யான்லியும் தன் இடத்தில் உட்கார்ந்து கடிக்கத் தொடங்கியது.

தன்னைத் தேடி வராமலே ஓர் உயிர் நன்றாக வாழட்டும் என்று விலகி நிற்பதே அன்பில் பெரிய அன்பு.