பூனை எழுதிய நலப்பட்டியல்

ஒரு காட்டில் கரடிகளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. தேன் தின்பதைத் தவிர வேறு வேலை தெரியாத கரடிகள் அவை. ஆனாலும் நோய் தேனால் வந்தது என்று ஒப்புக்கொள்ள ஒன்றுக்கும் மனமில்லை.

"காற்று சரியில்லை," என்றது ஒரு கரடி.

"தண்ணீரும் சரியில்லை," என்றது இன்னொன்று. இரண்டும் பேசிக்கொண்டே தேனடையை நக்கின.

அங்கே ஒரு குரங்கு மருத்துவர் இருந்தார். "வாக்குவாதம் எதற்கு? ஆய்ந்து பார்த்துவிடுவோம்," என்றார் அவர். "சில உயிர்களுக்கு நாள்தோறும் தேன் ஊட்டுவோம். நோய் வந்தால் தேன்தான் குற்றவாளி. வந்த நோய்க்கு என்னிடம் ஒரு கசப்பு வேர் இருக்கிறது. அது கேட்கிறதா என்றும் தெரிந்துவிடும்."

"யாருக்கு ஊட்டுவது?" என்று கரடிகள் கேட்டன.

இப்படிப்பட்ட கேள்வி எழும்போதெல்லாம் பெரியவர்களுக்கு எலிகளின் நினைவு வந்துவிடும், குழந்தைகளே. பன்னிரண்டு எலிகள் அழைத்துவரப்பட்டன. மூங்கில் கூடுகள் பன்னிரண்டு வரிசையாக வைக்கப்பட்டன.

எலிகள் ஒரு நிபந்தனை விதித்தன. "எங்களில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால், அன்றே தேனை நிறுத்திவிட்டு வேரைக் கொடுக்க வேண்டும். அதைக் கவனிக்க ஒருவரை அமர்த்த வேண்டும்."

நியாயமான நிபந்தனை. மருத்துவர் ஒப்புக்கொண்டு காட்டுச் சபையைக் கூட்டினார்.

"எலியை இமைக்காமல் பார்க்கத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டார்.

சபை முழுவதும் ஒரே பெயரைச் சொன்னது. பூனை. எலிகளின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

அந்தப் பூனை நேர்மையானது. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. நலக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற அன்றே அது இறைச்சியை விட்டுவிட்டது. வேளைக்கு இரண்டு அவித்த கிழங்கைத் தின்றது. காலையில் ஓலையும் கையுமாக வந்து, ஒவ்வொரு கூட்டின் முன்னும் நின்று, கண், காது, மூக்கு, மீசை, வால் என்று ஐந்தையும் பார்த்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நலமா?" என்று கேட்டது.

பூனையின் மனத்தில் இருந்தது கிழங்கு. எலிகளின் கண்ணில் பட்டது பல்.

"நலம், அம்மா," என்றன பன்னிரண்டும்.

பூனை மகிழ்ந்து ஓலையில் பன்னிரண்டு முறை 'நலம்' என்று கீறியது. மருத்துவர் எலிகளைப் பார்க்க வருவதில்லை, ஓலையைப் பார்ப்பார். எலிகளைவிட ஓலை சுத்தமாக இருந்தது.

இருபத்தைந்தாம் நாள், ஏழாம் கூட்டில் இருந்த மிளகி என்னும் எலிக்கு நோய் கண்டது. குடித்த தண்ணீர் போதவில்லை. தின்றது உடம்பில் ஒட்டவில்லை. படுக்கை வைக்கோல் ஓயாமல் நனைந்தது. சில நாளில் காலும் தள்ளாடத் தொடங்கியது.

ஆறாம் கூட்டில் இருந்த தும்பை என்னும் எலி மிளகியின் தோழி. பூனையின் வாடை காற்றில் வந்ததும் அது மூங்கில் இடுக்கில் வாய் வைத்துக் கூப்பிடும். "மிளகி, எழுந்து நில். வருகிறாள்."

"கால் நிற்கவில்லையடி."

"இடுக்கு வழியாக என் வாலை நீட்டுகிறேன். அதில் சாய்ந்துகொள். மீசையைத் துடை. கண்ணை அகலத் திற."

"முடியவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன? வேர் கொடுப்பதாகத்தானே பேச்சு?"

"பேச்சு இருக்கட்டும். முடியாத எலியைக் கவனிக்க யாரை அமர்த்தியிருக்கிறார்கள் என்று பார். அவள் என்ன கவனிப்பாள் என்று உனக்குத் தெரியாதா?"

மிளகிக்குத் தெரிந்தது. ஆகவே எழுந்து நின்றது. எடை பார்க்கும் நாளில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துக்கொண்டது. பூனை ஐந்தையும் பார்த்து, 'நலம்' என்று எழுதிவிட்டுப் போனது.

கூடுகளில் வைக்கோல் மாற்றும் வேலை ஒரு முள்ளம்பன்றியுடையது. முள்ளி என்று பெயர். புது வைக்கோலை முதுகு முட்களில் குத்திச் சுமந்து வரும். பழையதை அதே முட்களில் குத்திக் கொண்டுபோகும். அதன் நாக்கும் முதுகைப் போன்றதே.

நாற்பதாம் நாள் முள்ளி பூனையை வழிமறித்தது.

"கண்காணிப்பாளர் அம்மா, ஏழாம் கூட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்று முறை வைக்கோல் மாற்றுகிறேன். மற்றக் கூடுகளுக்கு ஒரு முறை போதும். தண்ணீர்க் குடுவையும் நான்கு முறை காலியாகிறது. அங்கே எலி இருக்கிறதா, எருமை இருக்கிறதா?"

"ஏழாம் கூடு நலம்," என்றது பூனை. "நாற்பது நாளும் நலம். எழுதியிருக்கிறேன்."

"வைக்கோலை எழுதினாயா?"

"பட்டியலில் வைக்கோல் இல்லை. எலிதான் இருக்கிறது."

"அந்த எலி செத்துக்கொண்டிருக்கிறது."

பூனையின் மீசை துடித்தது. "நான் நாள்தோறும் நேரில் பார்க்கிறேன், முள்ளி. அன்பாகத்தான் கேட்கிறேன். கிழங்கு தின்று என் வயிறு என்ன பாடுபடுகிறது என்று உனக்குத் தெரியுமா?"

"உன் வயிற்றை யாரும் குறை சொல்லவில்லை. நீ நாளைக்கு உள்ளே போகாதே. உனக்குக் காய்ச்சல் என்று நான் சொல்கிறேன். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கும் இடமாகப் பார்த்து, கூடுகளின் ஓரத்தில் இருக்கும் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து ஓட்டை வழியாகப் பார்."

"என்னைப் பொய்க்கு உடந்தையாக்குகிறாயா?"

"நாற்பது நாளாக நீ எழுதியதற்கு என்ன பெயர்?"

மறுநாள் காலை பூனை தட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்தது.

முள்ளி வைக்கோல் சுமையோடு கூடுகளின் முன் நின்றது. "இன்று பூனை வரமாட்டாள். காய்ச்சலாம்."

ஒரு கணம் எந்த எலியும் அசையவில்லை. பிறகு வரிசை முழுவதும் மூச்சு விட்டது. மூன்றாம் கூட்டிலிருந்த பருத்த எலி, இத்தனை நாள் அடியில் மறைத்து வைத்திருந்த புண் காலை வெளியே நீட்டி நக்கியது. ஒன்பதாம் கூட்டு எலி, "அப்பாடா, இன்று மீசை துடைக்க வேண்டாம்," என்று சுருண்டுகொண்டது. பன்னிரண்டில் ஐந்து எலிகள் நின்ற இடத்திலேயே படுத்துவிட்டன.

தும்பை இடுக்கிலிருந்து தன் வாலை உருவியது. அடுத்த நொடி மிளகி ஈர வைக்கோலில் சரிந்தது. எழுந்திருக்கவில்லை.

தட்டிக்குப் பின்னால் பூனையின் கையிலிருந்து ஓலை நழுவியது. அது உள்ளே ஓடப் பார்த்தது. முள்ளி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு குறுக்கே நின்றது.

"நீ வந்தால் எழுந்து நிற்பாள்," என்றது மெதுவாக. "மிச்சம் இருக்கும் உயிரும் எழுவதற்கே போய்விடும். மருத்துவரைக் கூட்டி வா. நீ வெளியிலேயே இரு."

பூனை அப்படி ஓடியதை அந்தக் காடு அதற்கு முன் கண்டதில்லை. சபையில் அப்போதுதான் மருத்துவர், "எலிகள் அனைத்தும் நலம், ஆகவே தேன் குற்றமற்றது," என்று அறிவிக்க வாயைத் திறந்திருந்தார். கரடிகள் தேனடைகளோடு காத்திருந்தன. திறந்த வாயோடு மருத்துவர் இழுத்துவரப்பட்டார்.

மருத்துவர் ஏழாம் கூட்டின் முன் குனிந்தார். நாற்பது நாளில் முதல் முறை. மிளகி முன்னங்காலை ஊன்றி எழ முயன்றது. "நலம், ஐயா."

"படு," என்றது முள்ளி. "நீ நின்றால் மகிழ்வது ஓலை மட்டும்."

"படுத்தால் என்னைப் பூனையிடம் கொடுத்துவிடுவீர்கள்."

மருத்துவர் திகைத்தார். "யார் சொன்னது?"

"யாரும் சொல்ல வேண்டுமா, ஐயா?" என்றது தும்பை. "பூனையை அனுப்பியவர் நீங்கள்."

வெளியே நின்ற பூனை இதைக் கேட்டது. பிறகு உள்ளே வராமலே குரல் கொடுத்தது. "மருத்துவரே, இந்த வேலை எனக்கு வேண்டாம். நான் நல்லவள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது எப்படித் தெரியும்?"

அன்றே மிளகிக்கும் அந்த ஐந்து எலிகளுக்கும் தேன் நின்றது; கசப்பு வேர் அரைத்துக் கொடுக்கப்பட்டது. மிளகிக்கு முதலில். அது முகத்தைச் சுளித்ததைப் பார்த்துத் தும்பை பல நாளுக்குப் பிறகு சிரித்தது. மூன்றாம் நாள் தண்ணீர்க் குடுவை இரண்டு முறைதான் காலியாயிற்று. பத்தாம் நாள் வைக்கோல் உலர்ந்திருந்தது. மிளகி யார் வாலிலும் சாயாமல் நின்றது.

மருத்துவர் சபையில் உண்மையைச் சொன்னார். "குற்றவாளி தேன்தான். வேர் கேட்கிறது. ஆய்வு முடிந்தது."

"காற்றைச் சோதித்தீர்களா?" என்றது ஒரு கரடி.

மருத்துவர் அதன் கையிலிருந்த தேனடையை வாங்கிக்கொண்டு, ஒரு வேரைக் கொடுத்தார். எலிகளின் கூடுகள் திறந்துவிடப்பட்டன. ஆனாலும் உடம்பு முழுதாகத் தேறும்வரை அவை அங்கேயே தங்கின. புதிய கண்காணிப்பாளர் முள்ளி. புதிய பட்டியலில் முதலில் இருந்தது வைக்கோல்.

பூனைக்கும் வேறு வேலை கிடைத்தது: கரடிகளின் நலம் கண்காணிப்பது. கரடிகள் பூனைக்கு அஞ்சுமா? "நலமா?" என்று அது கேட்டு முடிக்கும் முன்பே முழங்கால், முதுகு, வேரின் கசப்பு, பக்கத்துக் குகையின் குறட்டை என்று உச்சிவேளை வரை முறையிட்டன. பூனையின் ஓலைகள் போதவில்லை. "எலிகள் எவ்வளவு மரியாதையானவை," என்று அது ஒருநாள் பெருமூச்சு விட்டதாம். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, எழுதுவதைத் தொடர்ந்தது.

ஒரு காலையில் முள்ளி புது வைக்கோலோடு ஏழாம் கூட்டுக்கு வந்தது.

"நலமா, மிளகி?"

மிளகி கால் நீட்டிப் படுத்தபடியே யோசித்தது. "இல்லை, அக்கா. இந்த வைக்கோல் குத்துகிறது. நேற்றுக் கொண்டுவந்த தானியத்தில் பாதி உமி. பேசும்போது நீயும் கொஞ்சம் குத்துகிறாய்."

முள்ளியின் முகம் மலர்ந்தது. மூன்றையும் ஒன்று விடாமல் ஓலையில் எழுதிக்கொண்டது.

நீதி: அஞ்சி நடுங்குபவரிடம் நலம் கேட்டால் 'நலம்' என்றே விடை வரும்; முதலில் அச்சத்தை அகற்று, பிறகு கேள்.