ஆறு கால் போர்வை

சுண்டங்குறிச்சியில் நான்கு தையல்காரர்கள் ஒரே கடையில் தொழில் செய்தார்கள். நான்கு பேருக்கும் ஒரு மெஷின்தான். உத்தண்டி அண்ணாச்சி துணியைப் பிடிப்பார். ஆவுடையப்பன் வலது காலால் மிதிப்பான், மாடக்கண்ணு இடது காலால் மிதிப்பான், சொர்ணப்பன் சக்கரத்தைச் சுற்றுவான். இத்தனை நிபுணர்கள் கூடித் தைத்தும் சட்டைக்கு ஒரு கை நீளமாகத்தான் வரும். ஊர்க்காரர்கள் அதை மடித்துவிட்டுக்கொண்டு பிழைத்தார்கள்.

அந்த மெஷினுக்கும் காலம் வந்தது. ரிப்பேர்காரர் ஒருத்தர், "வாரம் தவறாம எண்ணெய் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் பேச்சைத் தட்டலாமா? சனிக்கிழமைதோறும் மெஷினை முற்றத்தில் உட்கார வைத்து, நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, சாம்பிராணியும் காட்டினார்கள். ஐந்தாவது சனிக்கிழமை மெஷின் துருப்பிடித்து இறுகிவிட்டது. சளி பிடித்திருக்கும் என்று சுக்குக் கஷாயம் ஊற்றினார்கள். அதற்கும் கேட்கவில்லை.

மெஷின் இல்லையென்றால் கடை இல்லை. கடை இல்லையென்றால் ஆவுடையப்பன் மாமனாரின் அரிசி மில்லுக்குப் போக வேண்டும், மாடக்கண்ணு திருப்பூருக்கு, சொர்ணப்பன் அக்காள் வீட்டு மாடு மேய்க்க. பன்னிரண்டு வருஷம் ஒன்றாக இருந்தவர்கள். உத்தண்டி அண்ணாச்சி இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதார். முட்டாளுக்கும் பிரிவு பிரிவுதானே.

அப்போதுதான் டவுன் கைத்திறன் கண்காட்சியின் நோட்டீஸ் வந்தது. "ஏதேனும் ஒரு பூச்சியைப் பார்த்து, ஒட்டுத்துணியால் கலைப் போர்வை செய்க. நீளம், அகலம், உயரம் மூன்றும் இருக்க வேண்டும். உயிருள்ளது போலத் தோன்ற வேண்டும். முதல் பரிசு, புதுத் தையல் மெஷின்."

மாடக்கண்ணு ஒரு பொன்வண்டைப் பிடித்து, கொன்றை இலையோடு தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். பூச்சியைப் பார்த்துச் செய்ய வேண்டுமல்லவா? ஒருவர் மாற்றி ஒருவர் மூன்று நாள் கண் கொட்டாமல் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம், இனித் தைக்கவும் செய்யலாம் என்று முடிவாயிற்று.

"நீளம் தெரியும், அகலம் தெரியும். போர்வைக்கு ஏதுவே உயரம்?" என்றார் உத்தண்டி.

"மொட்டை மாடியில காயப்போட்டா உயரமாத்தான இருக்கும்?" என்றான் சொர்ணப்பன்.

"மாடியை டவுனுக்கு நீயா தூக்கிட்டு வருவ?"

ஆவுடையப்பன் தன் தொந்தியைத் தடவிக்கொண்டான். "நான் போத்திக்கிட்டுக் குனிஞ்சா ரெண்டு முழம் உயரம் வருது அண்ணாச்சி."

அளந்து பார்த்தார்கள். ரெண்டு முழம் நாலு விரல். அவனை உள்ளே வைத்துத் தைப்பது என்று முடிவானது. மாடக்கண்ணு தீப்பெட்டியை நீட்டினான்.

"வண்டுக்கு ஆறு காலு. இவன்கிட்ட ரெண்டுதான் இருக்கு."

"கையைச் சேத்தா நாலு" என்றான் சொர்ணப்பன்.

"வண்டுக்கு ஏதுலே கை? அது ஏமாத்து வேலை. நமக்கு வேண்டாம்" என்றார் உத்தண்டி. நேர்மைக்கு அந்தக் கடையில் என்றும் குறைவில்லை. ஆகவே மூன்று பேரையும் உள்ளே வைப்பது என்று தீர்மானமாயிற்று.

சொர்ணப்பனுக்கு மட்டும் ஒரு கவலை. "உயிருள்ளது போலன்னுல்லா போட்டிருக்கான்? நமக்கு நெசமாவே உயிர் இருக்கே. தள்ளிர மாட்டானா?"

உத்தண்டி நெடுநேரம் யோசித்தார். "இருந்துட்டுப் போகுது. வெளிய காட்டிக்காதிய."

பன்னிரண்டு வருஷமாக அளவு தப்பி வெட்டிய பட்டுத் துண்டுகள் கடையில் மலையாகக் கிடந்தன. பச்சை, மயில்நீலம், செம்பு நிறம். அவற்றைக் கையாலேயே இணைத்து, மூன்று பேரையும் உள்ளே விட்டு மூடித் தைத்தார் உத்தண்டி. சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமான வண்டு. வெயில் பட்டதும் தகதகவென்று மின்னியது. ஆறு காலாலும் நடந்து நாலு மைல் தாண்டிக் கண்காட்சிக்குள் தானே நுழைந்தது. உத்தண்டி பின்னால் குடை பிடித்துக்கொண்டு போனார்.

நடுவர் கோமதி டீச்சர், ரிட்டையரான ஓவிய ஆசிரியை. அவர் வந்தபோது வண்டு அசையாமல் நின்றது. சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அடடா, மூச்சு விடுற மாதிரியே இருக்கே!" என்றார்.

"விடலம்மா" என்றது வண்டு.

தையலைப் பிரித்ததும் மூன்று பேரும் வியர்வையில் நனைந்து வெளியே விழுந்தார்கள். டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் அந்தப் பட்டு வேலையை விட அவருக்கு மனசு வரவில்லை. "ஆளுங்களை வச்சுத் தச்சா அது போர்வை இல்லய்யா. உள்ள பஞ்சை அடைங்க. நாளைக்கு மூணு மணிக்குள்ள வண்டு இங்க வந்து நின்னுச்சுன்னா முதல் பரிசு உங்களுக்குத்தான்" என்றார்.

பட்டைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்பி, ராத்திரியே பஞ்சை அடைத்துத் தைத்து, விடிந்ததும் வண்டைக் கடை வாசலில் டவுனைப் பார்த்து நிறுத்தினார்கள். பிறகு காத்திருந்தார்கள். எட்டு மணி ஆயிற்று, பத்து மணி ஆயிற்று. வண்டு அசையவில்லை.

"நேத்து வழி தெரிஞ்சுதான போச்சு? இன்னைக்கு என்ன வந்துச்சு இதுக்கு?" என்றான் ஆவுடையப்பன்.

"வயிறு ரொம்பிட்டா எவனுக்கும் சோம்பேறித்தனம் வரும்லா" என்றான் மாடக்கண்ணு.

கொன்றை இலையைக் காட்டினார்கள். அதட்டிப் பார்த்தார்கள். பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று தீப்பெட்டி வண்டை அதன் முன்னால் விட்டார்கள். அது நாலு எட்டு நடந்து காட்டிவிட்டு, இவர்கள் சகவாசமே வேண்டாம் என்று பறந்துபோயிற்று.

மணி ஒன்று. உத்தண்டி அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. பரிசு மெஷினும் போனால் நாளைக்கு ஆளுக்கொரு திசை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார். "ஏலே, அழுது என்ன ஆவப்போகுது? ஆவ வேண்டியதைப் பாருங்க" என்றார்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பொன்வண்டு ஆறு காலும் ஓட்டமாகக் கண்காட்சிக்குள் வந்து நின்றது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. பின்னாலேயே உத்தண்டி குடையோடு வந்தார்.

கோமதி டீச்சர் வண்டையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். "பஞ்சு எங்கய்யா?"

"பஸ்ஸுல வருதும்மா" என்றார் உத்தண்டி. "அதுக்கு நடக்க வரல."