நண்டு போட்ட மலைப்பாதை

ஒரு காட்டுல ஒரு மலை இருந்துச்சு. பேரு கூம்புமலை. அதுல ஏறாத மிருகமே அந்தக் காட்டுல கிடையாது! காலையில கூட்டம் கூட்டமா ஏறும், சாயங்காலம் கூட்டம் கூட்டமா இறங்கும். தினமும் தேர்த்திருவிழாதான்னு வச்சுக்கோங்களேன்.

மலை அடிவாரத்துல, ஓடைக்கரை வளையில, பவுனுன்னு ஒரு நண்டு. அதுக்கு ஒரே ஒரு ஆசை. தன் வாசலை உரசிக்கிட்டு ஓடுதே இந்த ஓடை, இது எங்க போய் முடியுது? உச்சியில நின்னா தெரியுமாம். ஒரு தடவையாச்சும் பாத்துடணும்!

ஆனா ஒரு சிக்கல். நண்டுக்கு உடம்பு ஈரமாவே இருக்கணும். காஞ்சுபோனா உசுரு போயிடும்.

பவுனு மலையேறப் போகுதுன்னு கேட்டதும் விழுந்து விழுந்து சிரிச்சது யாரு தெரியுமா? ராசய்யாங்கிற புள்ளிமான். பெருமையடிக்கலேன்னா அதுக்குத் தின்ன புல்லு செரிக்காது.

"ஏ தங்கச்சி! உனக்கு நேரா நடக்கவே வராதே, நீ மலை ஏறப்போறியா? நான் பத்து தடவை ஏறுனவன், தெரியுமில்ல?"

"அப்படியா அண்ணே! வழியில தண்ணி எங்கெங்க கிடைக்கும்?"

"தண்ணியா? நாலு தாவு தாவுனா உச்சி. நடுவுல எவன் தண்ணி குடிக்கிறான்?"

பவுனுக்கு ஒண்ணு புரிஞ்சுபோச்சு. ஏறப்போறவங்களைக் கேட்டா வீரம் சொல்லுவாங்க. இறங்கி வர்றவங்களைக் கேட்டாத்தான் வழி சொல்லுவாங்க!

அன்னைக்குச் சாயங்காலமே வளை வாசல்ல உக்காந்துக்கிச்சு. நொண்டிக்கிட்டு வந்த கரடியைக் கேட்டுச்சு, மூச்சு வாங்கிக்கிட்டு வந்த முள்ளம்பன்றியைக் கேட்டுச்சு. எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான். "எங்க தாகம் எடுத்துச்சு? எங்க தண்ணி குடிச்சீங்க?"

பாதை வளைஞ்சு வளைஞ்சு போகுது, மொத்தம் அஞ்சு வளைவு, முதல் நாலு வளைவுலயும் பாறையில ஊறுற சுனை ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுச்சு.

கட்டையன்கிற காட்டுப்பன்றி மட்டும் நின்னு நிதானமா சொல்லுச்சு. "மூணாவது சுனையை நம்பாதே புள்ள. வெயில் காலத்துல வத்திடும். நான் போய் சேத்தை நக்கிட்டு வந்தேன்! இன்னொண்ணு, உன் நிழல் காலுக்கடியில வந்துருச்சுன்னா எங்க நின்னாலும் திரும்பிடு. இல்லேன்னா எறங்குறதுக்குள்ள இருட்டிடும்."

பவுனு எல்லாத்தையும் ஈரமணல்ல கீறி வச்சுக்கிச்சு. ராத்திரி ஓடைத்தண்ணி வந்து அழிச்சிடும். காலையில மறுபடி கீறும். ஏழு நாள் அழிஞ்சு அழிஞ்சு கீறுனதுல மலையே மனப்பாடமாயிடுச்சு!

எட்டாம் நாள், கிழக்கு வெளுக்கும்போதே பவுனு கிளம்பிடுச்சு. முதல் சுனையில ஒரு முங்கு. ரெண்டாவது சுனையில ஒரு முங்கு. அங்கேயே ஈரப்பாசியை அள்ளி முதுகு நிறைய அப்பிக்கிச்சு.

அப்பத்தான் பக்கத்துப் பாறைச் சரிவுல தடதடன்னு சத்தம். நல்லாத் தூங்கி எந்திரிச்ச ராசய்யா, குறுக்குவழியில நேரா மேல பாய்ஞ்சுக்கிட்டிருந்துச்சு.

"என்ன தங்கச்சி, முதுகுல பச்சைப் பட்டா? கல்யாணத்துக்கா போற?"

"உசுரு அண்ணே, உசுரைச் சுமந்துக்கிட்டுப் போறேன்!"

மூணாவது சுனை வத்திக்கிடந்துச்சு. கட்டையன் சொன்னபடியே! பவுனு பயப்படல. பாசியில இருந்து சொட்டுச் சொட்டா இறங்குன ஈரத்துல நகர்ந்து நகர்ந்து நாலாவது வளைவைத் தொட்டுச்சு. பாசியும் காஞ்சுபோச்சு.

அங்க, சுடுபாறையில நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கிடந்தது ராசய்யா.

"தண்ணி... தங்கச்சி, தண்ணி..."

"பத்து தடவை ஏறுன அண்ணனுக்குச் சுனை தெரியாதா?"

"பத்து தடவையும் இந்தப் பாறை வரைக்கும்தான் வந்தேன். குறுக்குவழியில ஒரு சுனை கூட இல்ல. யார்கிட்டயும் சொல்லிடாத தாயி!"

பவுனு தன் நிழலைப் பாத்துச்சு. ஒரு சாண்தான் மிச்சம். தான் மட்டும் முங்கிட்டு ஓடிடலாம்; மானுக்காக நின்னா உச்சி போயிடும். ஆனா விட்டுட்டுப் போனா மான் செத்துடும்! அது யோசிக்கவே இல்ல. இறங்கி வந்தவங்க சொல்லியிருந்தபடியே, நாவல்மரத்துக்குப் பின்னால பாறை இடுக்குல பக்கவாட்டா நுழைஞ்சு, மூடிக்கிடந்த சருகையெல்லாம் கொடுக்கால இழுத்துப் போட்டுச்சு. குபுகுபுன்னு தண்ணி! பவுனு முங்கி எந்திரிச்சுச்சு, ராசய்யா மூச்சு விடாம குடிச்சுச்சு.

"கொம்புல ஏறிக்கோ தங்கச்சி, ஒரே தாவுல உச்சி!"

"வேணாம் அண்ணே, உங்க தாவு எனக்குத் தெரியும்! இன்னும் நாலு விரல் நிழல் இருக்கு. பேசாம பின்னால வாங்க."

ஒரு விரல் நிழல் மிச்சம் இருக்கும்போது பவுனு உச்சியில நின்னுச்சு!

கீழ பாத்துச்சு. அதோ அதோட ஓடை! வெள்ளிக் கம்பி மாதிரி, இடப்பக்கம் சாய்ஞ்சு, வலப்பக்கம் சாய்ஞ்சு, ஒரு இடத்துல கூட நேராப் போகாம, போய்க்கிட்டே இருந்து, கடைசியில நீலமா விரிஞ்சு கிடந்த கடல்ல கலந்துச்சு.

"அண்ணே! அதுவும் என்னை மாதிரியே கோணல்மாணலாத்தான் போகுது! ஆனா கடலுக்கே போய்ச் சேந்துருச்சு!"

ராசய்யாவும் பவுனு சொன்ன நேரத்துக்கு, பவுனு சொன்ன பாதையில, பவுனுக்குப் பின்னாலயே இறங்கி வந்துச்சு.

மறுநாள் காலையில, புதுசா மலையேற வந்த காட்டுக்கோழி ஒண்ணு ராசய்யாகிட்ட வழி கேட்டுச்சு.

"என்னைக் கேக்காத. அந்தா, ஓடைக்கரையில மணல்ல கீறிக்கிட்டிருக்கே எங்க பவுனு, அதைக் கேளு. அப்புறம், பாசி எடுத்துக்க மறந்துடாத!"

நீதி: தன் குறை தெரிஞ்சு திட்டம் போடுறவன், தன் பலத்தை நம்பித் தாவுறவனை விட உயரம் போவான்.